இரத்தத்தில் ஒரு பிளாஸ்மா, கருவியில் ஒரு பிளாஸ்மா: முடி வளருமா, நரை கறுக்குமா?

வாசகர் கேள்விக்குத் தோல் மருத்துவரின் பதில்

வடசென்னையில் வசிக்கும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் 29 வயது வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. வாசகருக்கும் நான்கு ஆண்டுகளாக நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறிக்கொண்டே போகின்றன. 23 வயதில் காதோரம் தொடங்கிய நரை இப்போது உச்சி வரை வந்துவிட்டது. தை மாதம் திருமணம், அதற்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. ‘பிளாஸ்மா டெக்னாலஜி’ என்ற பெயரில் ஒரு மையம் அவருக்கு ஒரு திட்டத்தைச் சொல்லியிருக்கிறது. அவருடைய இரத்தத்தை எடுத்துச் சுழற்றி உச்சந்தலையில் ஊசியாகப் போடுவார்களாம்; அன்றே ஊதா ஒளி வீசும் பேனா போன்ற கருவியைத் தலை முழுக்க ஓட்டுவார்களாம்; வீட்டில் தினமும் தலையில் தெளித்துக்கொள்ள ‘பிளாஸ்மா ஏற்றிய தண்ணீர்’ தருவார்களாம். மூன்றும் சேர்ந்தால் மூன்று மாதத்தில் முடி வளர்ந்து, நரை வேரிலிருந்து கறுத்துவிடும் என்பது அவர்களுடைய வாக்குறுதி. எட்டு அமர்வுகளுக்கு 84,000 ரூபாய். 12,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். மீதிக்குத் தவணைக் கடன் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“என் சொந்த இரத்தம்தானே, பக்கவிளைவு எப்படி வரும்? மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்கிறார்கள், அதற்கு இது மேல் அல்லவா? வேண்டாம் என்று முடிவெடுத்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?” என்று கேட்கும் அவர், கடிதத்தின் முடிவில் மூன்று வரிகள் சேர்த்திருக்கிறார். பிறந்ததிலிருந்து சைவம், பால் தயிரும் அதிகம் எடுத்துக்கொள்வதில்லை; ஷிப்ட் வேலையால் வந்த நெஞ்செரிச்சலுக்கு மூன்று ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஒரு மாத்திரை; சில மாதங்களாக இரவில் பாதங்கள் மரத்துப்போகின்றன, முடிக்காக பயோட்டின் மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கடைசி மூன்று வரிகளைத்தான். நீங்கள் அவற்றைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் முடியைவிட அவைதான் அவசரமாகத் தெரிகின்றன. முதலில் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

ஒரே பெயர், மூன்று பொருள்

அந்த மையம் சொன்ன மூன்றிலும் ‘பிளாஸ்மா’ என்ற சொல் வருகிறது என்பதால் அவை ஒரே சிகிச்சையின் மூன்று படிகள் என்று நினைத்திருக்கிறீர்கள். பெயரைத் தவிர அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. முதலாவது, இரத்தத்தில் அணுக்களை நீக்கினால் எஞ்சும் மஞ்சள் நிறத் திரவம். இரண்டாவது, இயற்பியலில் திட, திரவ, வாயு நிலைகளுக்கு அடுத்ததாகச் சொல்லப்படும் நான்காவது நிலை, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு. மின்னலிலும் எரியும் டியூப் லைட்டுக்குள்ளும் இருப்பது அதுதான். இந்த இரண்டாவதற்கு 1928-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர். இரத்தத்தின் பிளாஸ்மாவை ஒப்பிட்டுத்தான் அவர் அந்தப் பெயரைச் சூட்டினார் என்று உடன் பணியாற்றியவர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். ஒப்புமைக்காக வைத்த பெயரைக் காட்டி இரண்டையும் ஒரே ரசீதில் சேர்த்து விற்பது உங்களைப் போன்றவர்களைக் குழப்பத்தான் செய்யும். அது உங்கள் தவறல்ல.

வாயு வகையில், உடலைச் சுடாத ‘குளிர் பிளாஸ்மா’ என்ற ஒன்று உண்மையிலேயே மருத்துவத்தில் இருக்கிறது. ஆறாத புண்களில் கிருமிகளைக் குறைக்கவும் புண்ணை ஆற்றவும் ஐரோப்பாவில் அதைப் பயன்படுத்துகிறார்கள். முடி உதிர்வுக்கும் அதை முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவை விரல்விட்டு எண்ணக்கூடியவர்களிடம் செய்யப்பட்ட தொடக்கநிலை ஆய்வுகள். அவற்றை நம்பிப் பணம் வாங்கிச் சிகிச்சை தரும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. மேலும், உங்கள் தலையில் ஓட்டப்போகும் கருவி அதுதானா என்பதே சந்தேகம். ஊதா நிறத்தில் மினுங்கும் கண்ணாடிக் குழாயாக இருந்தால், அழகு நிலையங்களில் பல காலமாகப் புழங்கும் ‘ஹை ஃப்ரீக்வன்சி’ கருவியாக இருக்கலாம். முனையிலிருந்து தீப்பொறி பாய்ந்து தோலில் புள்ளி புள்ளியாகச் சுடும் பேனாவாக இருந்தால் அதைத் தலையருகே வரவிடாதீர்கள். நம்முடைய மாநிறத் தோலில் அந்தச் சூடு கருந்தழும்பை விட்டுச்செல்லும். தழும்பான இடத்தில் முடியின் வேர் பிழைக்காது.

மூன்றாவதான தண்ணீரைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொடுத்துவிடும் தண்ணீரால் முடி வளர்வதற்கோ நரை கறுப்பதற்கோ எந்த ஆதாரமும் இல்லை.

இரத்தத்திலிருந்து எடுப்பது

நாங்கள் பி.ஆர்.பி. என்று சொல்லும் சிகிச்சை, அதாவது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா, இந்த மூன்றில் ஓரளவு ஆதாரம் உள்ள ஒன்று. கையிலிருந்து எடுத்த இரத்தத்தை, உறையாமல் தடுக்கும் மருந்து உள்ள குழாயில் ஊற்றிச் சுழற்றினால், அடியில் கருஞ்சிவப்பாக ஒரு படிவும், மேலே எலுமிச்சைச் சாற்றின் நிறத்தில் தெளிந்த திரவமும், இரண்டுக்கும் நடுவே நூல் கனத்தில் வெண்மையாக ஒரு படலமும் தெரியும். அந்தப் படலத்தை ஒட்டித்தான் தட்டணுக்கள் செறிந்திருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இயல்பாக ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரை இருக்கும் தட்டணுக்களைச் சுமார் பத்து லட்சம் அளவுக்குச் செறிவாக்குவதே இதில் பலரும் வைத்துக்கொள்ளும் இலக்கு. அவை வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள், சிறுத்துக்கொண்டிருக்கும் வேர்களைத் தூண்டும் என்பது இதன் அடிப்படை.

பரம்பரை வழுக்கையின் தொடக்கத்தில் இருப்பவர்களில் பலருக்கு இதனால் முடியின் அடர்த்தி ஓரளவு கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நானும் என் நோயாளிகளிடம் கண்டிருக்கிறேன். ஆனால் எவ்வளவு இரத்தம், எத்தனை சுற்று, எத்தனை அமர்வு என்பதில் ஒவ்வொரு ஆய்வும் ஒரு முறையைப் பின்பற்றியிருப்பதால், இன்ன பலன் கட்டாயம் கிடைக்கும் என்று நேர்மையான மருத்துவர் எவரும் எழுதித்தர மாட்டார். மாதம் ஒன்றாக மூன்று அல்லது நான்கு அமர்வுகள், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது வழக்கமான நடைமுறை. நிறுத்தினால் கிடைத்த பலன் மெல்லக் கரையும். வேர் முற்றிலும் அழிந்து பளபளப்பாகிவிட்ட இடத்தில் புதிய முடியை இது முளைக்கவைக்காது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், மூன்று மாதத்தில் தலை நிறைந்துவிடும் என்ற பேச்சு கணக்கிலேயே இடிக்கிறது.

“சொந்த இரத்தம்தானே” என்ற உங்கள் வாதத்தில் பாதி சரி. சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை வருவது அரிது. ஊசி வலியும் ஓரிரு நாள் வீக்கமும் பெரிய விஷயமில்லை. ஆபத்து இரத்தத்தில் இல்லை, அதைக் கையாளும் கையிலும் குழாயிலும் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில், முகத்துக்கு இதே பி.ஆர்.பி. ஊசியைப் போட்டுக்கொண்ட மூன்று பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் வெளியிட்டது. நம் சென்னையிலேயே 2016-ல், முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் உயிரிழந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருக்கலாம். இவற்றைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எங்கே செய்துகொண்டாலும், புதிய குழாயும் ஊசியும் உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்படுகின்றனவா, குழாயில் உங்கள் பெயர் எழுதப்படுகிறதா, ஊசி போடுபவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவரா என்று பாருங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் கை நீட்டாதீர்கள்.

தட்டணுக்கள் குறைவாக இருப்பவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், தலையில் சீழோ தொற்றோ இருப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல. மழைக்காலம் வருகிறது, ஒருவேளை டெங்கு வந்தால், தட்டணுக்கள் பழைய நிலைக்கு வரும்வரை இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். அப்படிப்பட்ட காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதும் உண்டு. அது தானாகவே திரும்ப வளரக்கூடியது. பரம்பரை வழுக்கை என்று பயந்து அதற்கும் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நரை வேறு கணக்கு

முடி உதிர்வதும் நரைப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. உங்கள் நெற்றி ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம், டி.எச்.டி. என்ற ஆண் ஹார்மோனுக்கு உங்கள் முடி வேர்கள் பரம்பரையாகவே கூருணர்வு கொண்டிருப்பது. நரைப்பதோ, வேரில் நிறமியைச் செய்யும் செல்கள் ஓய்ந்துபோவதால். வெள்ளை முடி நன்றாகத் தடித்து வளர்வதை நம் தாத்தா பாட்டிகளின் தலையிலேயே பார்க்கலாம்.

வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. அதற்கு மேலே எதைத் தடவினாலும் சாயம் ஏறுமே தவிர நிறமி ஊறாது. நிறம் திரும்ப வேண்டுமானால் வேரில்தான் திரும்ப வேண்டும். அது அறவே நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2021-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 பேரின் முடிகளை நீளவாக்கில் ஆராய்ந்தபோது, சில ஒற்றை முடிகள் நரைத்துப் பிறகு மீண்டும் கறுத்திருப்பதைக் கண்டார்கள். ஒருவருக்கு விடுமுறையில் மன அழுத்தம் தணிந்த காலத்தில் ஐந்து முடிகள் அப்படித் திரும்பியிருந்தன. ஐந்து முடிகள் என்பதைக் கவனியுங்கள். 2023-ல் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு, நிறமி செல்களின் தாய்ச்செல்கள் வேரில் ஓரிடத்தில் சிக்கி நகராமல் போவதை எலிகளில் காட்டியது. இவை நாளை ஒரு மருந்துக்கு வழிவிடலாம். இன்று உங்கள் கையில் தருவதற்கு அதில் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நரைத்த முடியின் வேரில் ஹைட்ரஜன் பெராக்சைடு தேங்கி நிறமி உருவாவதைக் கெடுக்கிறது என்று 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. மின்னேற்றிய வாயு தோலையோ தண்ணீரையோ தொடும்போது உண்டாகும் பொருள்களில் அதே ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒன்று. அந்தக் கருவியைக் காட்டி நரையைக் கறுக்கவைப்போம் என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பி.ஆர்.பி.யாலும் நரை கறுக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

உங்கள் அம்மா பித்த நரை என்று சொல்லிக் கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்த்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தேய்த்துக்கொள்ளுங்கள். நரை கறுக்காது, ஆனால் முடி வறளாமல் இருக்கும். அதற்காக அவரோடு வாதாட வேண்டாம்.

அந்தக் கடைசி மூன்று வரிகள்

நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் நரை தொடங்கினால் அதை இளநரை என்கிறோம். பெரும்பாலும் அது பரம்பரை. ஆனால் வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, புகைப்பழக்கம் ஆகியவையும் அதனோடு சேர்ந்து வருபவை. பி12 அசைவ உணவிலும் பாலிலும்தான் கிடைக்கும்; நீங்கள் அசைவம் சாப்பிடுவதில்லை, பால் தயிரும் குறைவு. உணவில் இருக்கும் கொஞ்சத்தைப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். நெஞ்செரிச்சல் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் அந்த அமிலம் குறைகிறது. இதோடு பாதம் மரத்துப்போவதையும் சேர்த்துப் படித்தால், பி12 குறைபாடு உங்கள் நரம்புகளைத் தொடத் தொடங்கிவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு வலுவாக எழுகிறது. நரம்புப் பாதிப்பை நாட்பட விட்டால் முழுமையாகச் சரியாகாமல் போகலாம். எனவே இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, பி12, முழு இரத்த அணுக்கள், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பயோட்டின் மாத்திரையைக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போங்கள்; அது தைராய்டு பரிசோதனையின் முடிவைத் தவறாகக் காட்டவைக்கும். குறைபாடு உறுதியானால் ஊசியோ மாத்திரையோ மருத்துவர் முடிவு செய்வார். பி12 அளவு தெரியாமல் வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். அது இரத்தசோகையைச் சரிசெய்து, நரம்புப் பாதிப்பு வளர்வதை மறைத்துவிடும். நெஞ்செரிச்சல் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், தொடர வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.

பி12 குறைபாட்டால் வந்த நரை, குறை நீங்கியதும் சிலருக்கு மீண்டும் கறுத்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரின் முடியை, பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவி வழியே பார்த்தபோது, நுனி வெள்ளையாகவும் வேரை ஒட்டிய அரை அங்குலம் கறுப்பாகவும் இருந்த முடிகளை எண்ணி எண்ணி அவரிடமே காட்டினேன். உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல என்னால் இயலாது. ஆனால் நரை மீண்டும் கறுக்க உண்மையான வாய்ப்பு ஒன்று இருக்குமானால் அது இதில்தான் இருக்கிறது, இதற்கு ஆகும் செலவு அந்த மையத்தின் ஓர் அமர்வுக்குக்கூட ஆகாது.

மாத்திரையைப் பற்றிய பயம்

உதிர்வை நிறுத்த நீண்டகால ஆதாரம் உள்ளவை இரண்டு: தடவும் மினாக்சிடில் 5 சதவீதம், சாப்பிடும் ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம். மினாக்சிடில் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் உதிர்வு கூடியதுபோல் தோன்றும். பழைய முடி விழுந்து புதியது வருவதன் அடையாளம் அது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், விடாமல் தொடரவும் வேண்டும். இப்போதே தொடங்கினால் அந்த உதிர்வு தை மாதத்துக்கு முன்பே அடங்கிவிடும். மார்கழியில் தொடங்கினால் திருமணப் புகைப்படத்தில் அது தெரியும்.

ஃபினாஸ்டரைடு பற்றிய பயம் ஆதாரமற்றது அல்ல, ஆனால் மிகைப்படுத்தப்பட்டது. அதை அங்கீகரிக்க அடிப்படையாக இருந்த ஆய்வுகளில், பாலுறவு சார்ந்த குறைபாட்டைச் சொன்னவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம், வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. சிலருக்கு நீடித்ததாகவும், மனச்சோர்வு வந்ததாகவும் பதிவுகள் உண்டு. முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இதைச் சாப்பிடும் காலத்தில் இரத்த தானம் செய்யக் கூடாது; உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. புது மணவாழ்க்கையின் தொடக்கத்தில் மனத்தில் பயத்தோடு இதைச் சாப்பிடுவதைவிட, முதலில் மினாக்சிடிலை மட்டும் தொடங்கிவிட்டு, மாத்திரையைப் பற்றிப் பிறகு நிதானமாக முடிவெடுப்பதே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அதற்கு முன் ஒரு தோல் மருத்துவர் உங்கள் தலையை நேரில் பார்த்தாக வேண்டும். தனியார் கட்டணம் சுமையென்றால், கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி ஆகிய அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலை ஷிப்ட் இல்லாத நாளில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும்.

கட்டிய 12,000 ரூபாய்

நான் வழக்கறிஞர் அல்ல. என் நோயாளிகளுக்கு நடந்தவற்றிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். தவணைக் கடனுக்கான எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள், செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் சொல்லாதீர்கள். சிகிச்சை வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப்பில் அவர்கள் தந்த வாக்குறுதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதற்கும் பலனில்லை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். நீங்கள் கட்டியது போன்ற சிறு தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. அவர்களோடு பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகள் உரிமை கோரக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை பட்டியலிடுகிறது. வழுக்கை, முடியின் நிறத்தை மாற்றிப் புது முடி வளர்ப்பது, இளநரை மூன்றுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்தத் தண்ணீரை மருந்தென்று சொல்லி விற்றால் இதையே எடுத்துக்காட்டுங்கள்.

திருமணத்துக்கு நரை தெரியக் கூடாது என்றால் சாயம் பூசிக்கொள்வதில் தவறில்லை. பெரும்பாலான கறுப்புச் சாயங்களிலும், ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் பல பொடிகளிலும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் இருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும். எனவே ஒரு மாதம் முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். கலப்பில்லாத மருதாணியும் அவுரிப் பொடியும் கிடைத்தால் அதுவும் நல்லது. உங்களுக்கு நிச்சயித்த பெண்ணிடம் இதையெல்லாம் மறைக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நிச்சயதார்த்தத்திலேயே அவர் உங்கள் தலையைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதம் மரத்துப்போவதை மட்டும் அவரிடமும் சொல்லிவிடுங்கள், மருத்துவரிடம் போனீர்களா என்று கேட்க ஓர் ஆள் இருக்கும். பரிசோதனை முடிவுகள் வந்ததும் பி12 அளவை எனக்கு எழுதி அனுப்புங்கள்.